மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஒரு புரதம் நுழைவது எப்படி: படிப்படியான முழு வழிகாட்டி

மனித மைட்டோகாண்ட்ரியாவின் சொந்த டிஎன்ஏ 16,569 கார இணைகள் மட்டுமே நீளம் கொண்டது. அதிலுள்ள 37 மரபணுக்களில் 22 கடத்து ஆர்என்ஏவுக்கும் 2 ரைபோசோம் ஆர்என்ஏவுக்கும் போய்விட, புரதத்துக்கென்று எஞ்சுபவை 13 தான். ஆனால் மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரத வகைகளோ ஆயிரத்தைத் தாண்டும். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 99 வகைகள் உட்கருவின் மரபணுக்களில் எழுதப்பட்டு, செல்லின் திரவப் பகுதியான சைட்டோசாலில் உள்ள ரைபோசோம்களில் தொடுக்கப்பட்டு, அதன் பிறகே வெளியிலிருந்து உள்ளே வந்து சேர்கின்றன.

பாடநூல்கள் இதை "சமிக்ஞைத் தொடர் கொண்ட புரதங்கள் உள்ளே கடத்தப்படுகின்றன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அதை மட்டும் நம்பிப் போனால், சரியான சமிக்ஞை இருந்தும் சில புரதங்கள் ஏன் வெளியிலேயே நின்றுவிடுகின்றன, மைட்டோகாண்ட்ரியாவுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நொதி ஏன் சில நோயாளிகளின் உடலில் அங்கே போய் மாட்டிக்கொள்கிறது என்பனவற்றுக்கு விடை கிடைக்காது. எனவே ஒவ்வொரு படியிலும் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போவோம்: இங்கே எந்த அடையாளம் படிக்கப்படுகிறது? இந்த இடத்தில் புரதம் மடிந்திருக்கிறதா, விரிந்திருக்கிறதா? அதை நகர்த்தும் விசை எங்கிருந்து வருகிறது?

உதாரணத்துக்கு ஒரு புரதத்தை எடுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போவதுதான் இதைப் புரிந்துகொள்ளச் சிறந்த வழி. நான் தேர்ந்தெடுப்பது ஆர்னித்தின் டிரான்ஸ்கார்பமைலேஸ், சுருக்கமாக ஓடிசி. கல்லீரல் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவில் இருந்துகொண்டு, அம்மோனியாவை யூரியாவாக மாற்றும் சுழற்சியில் ஒரு படியை நடத்தும் நொதி இது. இதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது; அது பழுதானால் இரத்தத்தில் அம்மோனியா ஏறி, பிறந்த சில நாட்களிலேயே ஆண் குழந்தைகளின் உயிருக்கு ஆபத்து நேரலாம். நுழைவு பற்றிய அடிப்படைச் செய்திகள் பலவும் இந்த ஒரே நொதியை வைத்துத்தான் கண்டறியப்பட்டன என்பது இதைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணம்.

முதலில் இடங்களைத் தெரிந்துகொள்ளுதல்

மைட்டோகாண்ட்ரியாவுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. ஆகவே ஒரு புரதம் போய்ச் சேரக்கூடிய இடங்கள் நான்கு: வெளிச்சவ்வு, இரு சவ்வுகளுக்கு இடையிலான சவ்விடைவெளி, உட்சவ்வு, எல்லாவற்றுக்கும் உள்ளே இருக்கும் மேட்ரிக்ஸ். ஓடிசி போகவேண்டிய இடம் மேட்ரிக்ஸ் என்பதால் அது இரண்டு சவ்வுகளையும் கடந்தாக வேண்டும். வெளிச்சவ்வில் உள்ள பொது நுழைவாயிலை டாம் தொகுதி என்றும், உட்சவ்வில் மேட்ரிக்ஸுக்கு வழிவிடும் வாயிலை டிம்23 தொகுதி என்றும் அழைப்பார்கள். இந்தப் பெயர்களோடு வரும் எண்கள் பெரும்பாலும் அந்தந்தப் புரதத்தின் எடையைக் கிலோடால்டனில் குறிப்பவை. டாம்40 என்றால் எடை சுமார் 40 கிலோடால்டன். இது தெரிந்தால் பெயர்க் குவியலைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

படி 1: அடையாளம் எழுதப்பட்ட முன்தொடர்

ரைபோசோமிலிருந்து வெளிவரும் ஓடிசி இன்னும் முழுமையான நொதி அல்ல. 354 அமினோ அமிலங்கள் கொண்ட முன்னோடிப் புரதம். அதன் முதல் 32 அமினோ அமிலங்களே முன்தொடர். இறுதி நொதியில் அவை இருக்கப்போவதில்லை; வழிகாட்டி முடித்ததும் வெட்டி எறியப்படும்.

இந்த 32-ஐ அருகில் சென்று பார்ப்பது பயனுள்ளது. இவற்றில் ஆர்ஜினின் 6, 15, 23, 26 ஆகிய நான்கு இடங்களில் வருகிறது. ஆஸ்பார்டிக் அமிலமோ குளூட்டாமிக் அமிலமோ ஒன்றுகூட இல்லை. ஆக, இந்தத் துண்டின் மொத்த மின்னேற்றம் நேர்மின் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஆர்ஜினின்களுக்கு இடையே லியூசின், ஐசோலியூசின், ஃபினைல்அலனின் போன்ற நீர்விலக்கும் அமினோ அமிலங்கள் பரவியிருக்கின்றன. இத்தகைய தொடர் ஆல்ஃபா சுருளாகச் சுருளும்போது நேர்மின்னேற்றம் கொண்டவை சுருளின் ஒரு முகத்திலும் நீர்விலக்குபவை எதிர் முகத்திலும் வந்து அமைகின்றன. இந்த இருமுகச் சுருள்தான் மேட்ரிக்ஸுக்கான அடையாளம். முன்தொடர்கள் பெரும்பாலும் 15 முதல் 50 அமினோ அமிலங்கள் வரை நீளமுள்ளவை. ஒன்றின் எழுத்து வரிசை இன்னொன்றோடு பொருந்தாது. வரிசை வேறு, வடிவமும் மின்னேற்றமும் ஒன்று என்பதை மனத்தில் வைக்க வேண்டும். இரண்டு முன்தொடர்களை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுவிட்டு ஒற்றுமையே இல்லையே என்று குழம்பும் மாணவர்களை இந்தத் துறையில் அடிக்கடி பார்க்கலாம்.

அந்த நான்கு ஆர்ஜினின்களும் சம முக்கியத்துவம் உடையவை அல்ல. 1980-களின் நடுவில் ஆர்தர் ஹார்விச் உள்ளிட்ட யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடிசியின் முன்தொடரில் ஒவ்வொன்றாக மாற்றங்கள் செய்து பார்த்தபோது, 23-ஆம் இடத்து ஆர்ஜினினை மாற்றினால் நுழைவும் வெட்டும் கெடுகின்றன என்று கண்டனர். அது ஏன் என்பது வெட்டும் படிக்கு வரும்போது விளங்கும்.

முன்தொடர் தன்னளவில் போதுமான முகவரியா? போதும் என்பதை அதே காலகட்டத்தில் காட்ஃப்ரீட் ஷாட்ஸின் குழு சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் காட்டியது. ஈஸ்ட்டின் சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் நான்காம் துணையலகின் முன்தொடரை, சைட்டோசாலில் மட்டுமே வாழும் எலியின் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியின் தலையில் ஒட்டவைத்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவையே அறியாத அந்த நொதி நேராக மேட்ரிக்ஸுக்குள் சென்றது.

படி 2: மடியாமல் காத்தல்

முகவரி சரியாக இருப்பதால் மட்டும் பயணம் முடிந்துவிடாது. மைட்டோகாண்ட்ரியா நுழைவில், பெரும்பாலான புரதங்கள் தொடுத்து முடிக்கப்பட்ட பிறகே சவ்வுக்கு வந்து சேர்கின்றன. சில புரதங்களின் தூது ஆர்என்ஏக்கள் வெளிச்சவ்வுக்கு அருகிலேயே வாசிக்கப்படுவதும் உண்டு. எப்படியாயினும் இடையில் ஒரு காத்திருப்பு நேர்கிறது. காத்திருக்கும் புரதம் தன் இயல்புப்படி மடிந்துவிட்டால் வாயிலில் நுழையாது; நீர்விலக்கும் பகுதிகள் வெளியே தெரியும்படி விரிந்து கிடந்தாலோ ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். இரண்டும் நேராமல் பார்த்துக்கொள்பவை ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90 முதலான துணைப்புரதங்கள். இவை செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியைச் செலவிட்டு, முன்னோடிப் புரதத்தைத் தளர்ந்த நிலையிலேயே பிடித்து வைத்திருக்கின்றன.

மடிப்பு எவ்வளவு தீர்மானமானது என்பதற்கு மேற்சொன்ன ஒட்டுப்புரதமே சாட்சி. மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்து டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸின் செயல்மையத்தில் பொருந்தி அதன் மடிப்பை இறுக்கிவிடும். 1986-இல் ஐலர்ஸும் ஷாட்ஸும் இந்த மருந்தைச் சேர்த்தபோது ஒட்டுப்புரதம் உள்ளே போகவில்லை. முன்தொடரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. முகவரி அதுவே, மைட்டோகாண்ட்ரியாவும் ஆரோக்கியமானதே. மடிப்பு அவிழ முடியாமல் போனது ஒன்றுதான் வேறுபாடு. இந்தத் துறையில் ஒரே ஒரு பரிசோதனையைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

படி 3: டாம் வாயில்

வெளிச்சவ்வில் ஓடிசியை முதலில் வரவேற்பது டாம்20. அதன் சைட்டோசால் பகுதியில் ஓர் ஆழமற்ற பள்ளம் உள்ளது. முன்தொடரின் நீர்விலக்கும் முகம் அந்தப் பள்ளத்தில் பொருந்துகிறது. அருகிலேயே இருக்கும் டாம்22 எதிர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்களை நீட்டிக்கொண்டு நிற்பதால், அதே சுருளின் நேர்மின் முகத்தைப் பிடிக்கிறது. ஒரே அடையாளத்தின் இரண்டு முகங்களையும் இரண்டு ஏற்பிகள் படிக்கின்றன. அப்படி இருக்கும்போது, தற்செயலாக நேர்மின்னேற்றம் மட்டும் கொண்ட ஒரு புரதமோ நீர்விலக்கும் தன்மை மட்டும் கொண்ட ஒரு புரதமோ எளிதில் தவறி நுழைய முடிவதில்லை. மூன்றாவது ஏற்பியான டாம்70-இன் வேலை வேறு. அது துணைப்புரதங்கள் வந்து அமரும் துறை. ஹெச்எஸ்பி70, ஹெச்எஸ்பி90 ஆகியவற்றின் வால்முனையைப் பிடித்து, அவை சுமந்து வந்த சரக்கை இறக்கிக்கொள்கிறது. முன்தொடர் இல்லாத நீர்விலக்கும் புரதங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன.

கடக்கும் துளையை அமைப்பது டாம்40. பத்தொன்பது பீட்டா இழைகள் வட்டமாகச் சேர்ந்து பீப்பாயாக நிற்க, அதன் நடுவே புரதச் சங்கிலி செல்கிறது. துளையின் அகலத்தில் சுருளாகவோ விரிந்த சங்கிலியாகவோ நுழையலாம். முழுதாக மடிந்த புரதத்துக்கு இடமில்லை. ஊசிக்கண்ணில் நூலைக் கோர்ப்பது போல, நுனி முதலில் உள்ளே போக மற்றது பின்தொடர வேண்டும். 2019-இல் உறைநிலை மின்னணு நுண்நோக்கியால் ஈஸ்ட்டின் டாம் தொகுதியை அணுவளவு நுட்பத்தில் படம்பிடித்தபோது, பீப்பாயின் உட்சுவரில் முன்தொடர் செல்வதற்கான எதிர்மின் தடமும், முன்தொடர் இல்லாத புரதங்களுக்கான நீர்விலக்கும் தடமும் தனித்தனியாகத் தெரிந்தன.

இங்கே கவனிக்க வேண்டியது, வெளிச்சவ்வில் மின்னழுத்தமும் இல்லை, ஏடிபி எரிக்கும் இயந்திரமும் இல்லை என்பதுதான். பிறகு எதனால் நகர்கிறது? அடுத்தடுத்த பிடிமானங்களால். டாம்20-ஐ விட டாம்22-இன் மறுபக்கமும், அதைவிட அடுத்து வரும் டிம்50-உம் முன்தொடரை மேலும் இறுக்கமாகப் பிடிக்கின்றன. சங்கிலி முன்னும் பின்னும் அலைந்தாலும், முன்னே போகும்போதெல்லாம் அங்கே ஒரு கை பிடித்துக்கொள்கிறது. உண்மையான இழுவை இன்னும் தொடங்கவில்லை.

படி 4: உட்சவ்வில் மின்விசை

சவ்விடைவெளியில் தலைநீட்டும் முன்தொடரை டிம்50 ஏற்று, டிம்23 தொகுதியிடம் கொடுக்கிறது. முன்தொடர் வராத நேரத்தில் இந்த வாயிலை மூடியே வைத்திருப்பதும் டிம்50-இன் பொறுப்புதான். உட்சவ்வில் ஒரு துளை திறந்தே கிடந்தால் புரோட்டான்கள் ஒழுகி, ஏடிபி உற்பத்தியே நின்றுவிடும் என்பதால் இந்தக் காவல் அவசியமாகிறது.

சுவாசச் சங்கிலி புரோட்டான்களை வெளியே இறைப்பதால் உட்சவ்வின் இருபுறமும் 150 முதல் 180 மில்லிவோல்ட் வரையிலான மின்னழுத்த வேறுபாடு நிலவுகிறது, உட்பக்கம் எதிர்மின். எண்ணாகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றும். ஆனால் அது செயல்படும் சவ்வின் தடிமன் ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான். கணக்கிட்டால் மீட்டருக்கு 3 கோடி வோல்ட் என்ற அளவுள்ள மின்புலம் கிடைக்கிறது. ஓடிசியின் முன்தொடரில் உள்ள நேர்மின் ஆர்ஜினின்களை மேட்ரிக்ஸை நோக்கி இழுப்பது இந்தப் புலமே. முன்தொடரில் எதிர்மின் அமினோ அமிலங்கள் ஏன் இல்லை என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை: அவை இருந்தால் எதிர்த்திசையில் தள்ளப்படும்.

டிம்23 தொகுதியில் எந்தப் புரதம் உண்மையான பாதையை அமைக்கிறது என்பதில் பாடநூல்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. டிம்23 ஒரு குழாயாக நிற்கிறது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. 2023-இல் நேச்சர் இதழில் வெளியான ஆய்வுகள், அதன் துணையான டிம்17-இன் பக்கவாட்டில் உள்ள குழிவே முன்னோடிப் புரதம் செல்லும் தடம் என்று காட்டின. அந்தக் குழிவில் எதிர்மின்னேற்றமுள்ள அமினோ அமிலங்கள் இருக்கின்றன. அவற்றை மாற்றினால் நுழைவு தளர்கிறது. எம்ஜிஆர்2 என்ற சிறு புரதம் அந்தக் குழிவைப் பக்கவாட்டில் மறைத்து நிற்கிறது. நீரால் நிரம்பிய முழுக்குழாய் என்ற பழைய படத்துக்குப் பதிலாக, ஒருபுறம் கொழுப்புச் சவ்வை நோக்கித் திறந்த ஓடை என்ற படம் இப்போது வலுப்பெற்றுள்ளது. பழைய பதிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

படி 5: ஏடிபி இயந்திரம்

மின்புலம் முன்தொடரை மட்டுமே இழுக்கும். அதன் பின்னால் இருக்கும் 322 அமினோ அமிலங்களில் நேர்மின்னும் எதிர்மின்னும் கலந்தே இருப்பதால், அவற்றை இழுக்க வேறு விசை தேவை. மேட்ரிக்ஸ் பக்கத்தில் காத்திருக்கும் இன்னொரு ஹெச்எஸ்பி70 அதைத் தருகிறது. மனிதரில் இதன் பெயர் மார்ட்டாலின், ஈஸ்ட்டில் எஸ்எஸ்சி1.

இயந்திரத்தின் சுழற்சி இப்படி நடக்கிறது. டிம்44 என்ற புரதம் ஹெச்எஸ்பி70-ஐ வாயிலின் வாய்க்கே கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்போது அதில் ஏடிபி இருக்கிறது, பிடி திறந்திருக்கிறது. சங்கிலியின் ஒரு துண்டு எட்டியதும், பாம்18 என்ற துணை தூண்ட, ஏடிபி உடைந்து பிடி இறுகுகிறது. இறுகிய ஹெச்எஸ்பி70 சங்கிலியோடு உள்ளே விலகுகிறது. சங்கிலி பின்னோக்கி நழுவ முடியாது. அடுத்த துண்டு வெளிப்பட, அடுத்த ஹெச்எஸ்பி70 வந்து பிடிக்கிறது. உள்ளே விலகியதிலிருந்து எம்ஜிஇ1 என்ற புரதம் ஏடிபியின் மிச்சத்தை அகற்ற, அது மீண்டும் பிடிதிறந்து அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. வெளியே இன்னும் மடிந்திருக்கும் பகுதி எதுவாயினும், இந்தத் தொடர் பிடிப்பில் சிறிது சிறிதாக அவிழ்ந்து வரும்.

ஹெச்எஸ்பி70 சங்கிலியை உண்மையிலேயே இழுக்கிறதா, அல்லது வெப்பத்தால் தானே அலையும் சங்கிலி பின்வாங்காதபடி தடுக்க மட்டும் செய்கிறதா என்ற விவாதம் பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு கருத்தே எனக்கு நிறைவளிக்கிறது: சவ்வருகே பிடித்த பெரிய ஹெச்எஸ்பி70-க்கு அங்கே அசைய இடம் குறைவு, இடம் தேடி அது உள்நோக்கி விலகும்போதே சங்கிலிக்கு ஓர் இழுவை பிறக்கிறது.

இந்த இயந்திரத்தின் ஓர் உறுப்பு பழுதானாலும் விளைவு கடுமையானது. மனிதரில் பாம்18-க்கு நிகரான டிஎன்ஏஜேசி19 மரபணுவின் பிறழ்வால் இதயத்தசை தளர்ந்து விரிவதும் உடல் சமநிலை தடுமாறுவதும் சேர்ந்த ஒரு நோய் உண்டாகிறது. 2006-இல் கனடாவின் ஹட்டரைட் சமூகத்துக் குழந்தைகளிடம் இந்தக் காரணம் அடையாளம் காணப்பட்டது.

படி 6: முன்தொடரை வெட்டுதல்

மேட்ரிக்ஸில் தலை நுழைந்ததுமே எம்பிபி என்ற இரு துணையலகு நொதி முன்தொடரை வெட்டுகிறது. அது பெரும்பாலும் வெட்டும் இடத்துக்கு இரண்டு இடம் முன்னால் ஓர் ஆர்ஜினினை எதிர்பார்க்கும். ஓடிசியில் வெட்டு விழுவது 24-க்கும் 25-க்கும் இடையில். அதற்கு இரண்டாம் இடத்தில் இருப்பது 23-ஆம் ஆர்ஜினின். முதற்படியில் கண்ட அந்த ஆர்ஜினினின் சிறப்பு இதுதான்.

ஆனால் முன்தொடரின் நீளம் 32 என்றோமே, 24-இல் வெட்டினால் எட்டு மிஞ்சுகிறது. அந்த எட்டை இன்னொரு நொதி ஒரே துண்டாக எடுக்கிறது. அது எட்டு அமினோ அமிலங்களாகவே வெட்டும் இயல்புடையது. ஓடிசியின் எடை 40 கிலோடால்டனிலிருந்து, இடைநிலை ஒன்றைக் கடந்து, 36 கிலோடால்டனுக்கு வந்து நிற்கிறது. இந்த எடைக் குறைவே பரிசோதனைக் கூடத்தில் "உள்ளே போய்விட்டது" என்பதற்கான முதல் தடயம். வெட்டப்பட்ட முன்தொடர்த் துண்டுகள் சவ்வைக் கலைக்கும் தன்மை உடையவை. ஆகவே அவற்றைத் தனியொரு நொதி உடனுக்குடன் சிதைத்துவிடுகிறது.

படி 7: மடிதல்

விரிந்த சங்கிலியாக உள்ளே வந்த ஓடிசி மீண்டும் மடிந்தாக வேண்டும். அதன் பிறகு மூன்று மூன்றாகச் சேர வேண்டும். அதன் செயல்மையங்கள் அடுத்தடுத்த துணையலகுகள் சந்திக்கும் இடத்தில் அமைவதால், தனித்து நிற்கும் ஓடிசியால் வேலை செய்ய முடியாது.

புரதங்கள் உதவியின்றித் தாமே மடிந்துவிடும் என்பதே 1980-கள் வரை பரவலான நம்பிக்கை. ஹார்விச்சும் உல்ரிச் ஹார்ட்லும் சக ஆய்வாளர்களும் மனித ஓடிசியை ஈஸ்ட்டில் தயாரித்து, பிறழ்வுற்ற ஈஸ்ட் வகைகளைச் சலித்துப் பார்த்தார்கள். அவற்றில் ஒரு வகை ஈஸ்ட்டில் ஓடிசி உள்ளே சென்றது, முன்தொடரும் வெட்டப்பட்டது, ஆனால் நொதியின் செயல் மட்டும் இல்லை. அங்கே பழுதாகியிருந்தது ஹெச்எஸ்பி60. ஏழு ஏழாக வளையமிட்டுப் பீப்பாய் போல் நிற்கும் இந்தப் புரதம், மடியாத சங்கிலியைத் தன் உள்ளறையில் தனிமைப்படுத்தி மடியவிடுகிறது; ஹெச்எஸ்பி10 அதற்கு மூடி. 1989-இல் வெளிவந்த இந்த முடிவு புரத மடிப்பு பற்றிய சிந்தனையையே திருப்பிவிட்டது.

மேட்ரிக்ஸுக்குப் போகாதவை

ஓடிசியின் பாதை முதன்மையானது. ஆனால் அது ஒன்றே பாதையல்ல. டாம் வாயிலைத் தாண்டியதும் பாதைகள் பிரிகின்றன.

முன்தொடருக்குப் பின்னால் நீர்விலக்கும் ஒரு நிறுத்தத் துண்டும் இருந்தால், டிம்23 தொகுதி அதைப் பக்கவாட்டில் சவ்வுக்குள் விட்டுவிடும். அப்புரதம் உட்சவ்வில் தங்கும்; அல்லது அங்கிருந்து வெட்டப்பட்டுச் சவ்விடைவெளியில் சேரும். வேறு சில புரதங்கள் மேட்ரிக்ஸ் வரை போய், அங்கிருந்து ஆக்ஸா1 வழியாகத் திரும்பி உட்சவ்வில் பதிகின்றன. ஆக்ஸா1 பாக்டீரியாவின் ஒய்ஐடிசி புரதத்தின் உறவு என்பதால், மைட்டோகாண்ட்ரியாவின் பாக்டீரிய மூதாதையர் விட்டுச்சென்ற பழைய வழி இது என்று கருதப்படுகிறது.

ஏடிபியையும் அடினோசின் டைபாஸ்பேட்டையும் பரிமாறும் கடத்திப் புரதம் போன்றவற்றுக்கு முன்தொடரே கிடையாது. அடையாளம் சங்கிலி முழுவதும் பரவிக்கிடக்கிறது. ஏடிபி வெளியே, ஏடிபியின் உடைந்த வடிவமான டைபாஸ்பேட் உள்ளே என்று மாற்றிவிடும் இந்தப் புரதம் சவ்வை ஆறு முறை கடப்பதால், நீரில் தனியே விட்டால் திரண்டுவிடும். டாம்70 வழியே நுழைந்த அதை, சவ்விடைவெளியில் டிம்9-உம் டிம்10-உம் மூன்று மூன்றாகச் சேர்ந்த ஆறுறுப்பு வளையம் ஏந்திச் சென்று டிம்22 தொகுதியிடம் ஒப்படைக்கிறது. அங்கே மின்னழுத்தம் மட்டுமே விசை. ஏடிபி இயந்திரத்துக்கு வேலையில்லை. இதே குடும்பத்து டிம்8-இன் மனித மரபணுவில் பிறழ்வு நேர்ந்தால், சிறுவயதிலேயே செவித்திறன் போய், பின்னர் தசைகள் முறுக்கிக்கொள்ளும் மோர்-டிரானெபியார்க் நோய் வருகிறது.

சவ்விடைவெளியின் சிறு புரதங்கள் பலவற்றில் சிஸ்டீன்கள் குறிப்பிட்ட இடைவெளியில் இருக்கும். மியா40 என்ற நொதி அவற்றுக்கிடையே டைசல்ஃபைட் பிணைப்பை இட்டு, புரதத்தை அங்கேயே மடியவைத்துவிடுகிறது. மடிந்தது டாம் வழியே திரும்ப முடியாது. மடிப்பு இங்கே தடையாக இல்லாமல் தாழ்ப்பாளாகச் செயல்படுகிறது. மியா40 பெற்ற எலக்ட்ரான்கள் இஆர்வி1 வழியாக சைட்டோகுரோம் சி-க்கும், கடைசியில் ஆக்சிஜனுக்கும் போய்ச் சேர்கின்றன. வெளிச்சவ்வின் பீட்டா பீப்பாய்கள், டாம்40 உட்பட, முதலில் உள்ளே வந்து, பிறகு உட்புறத்திலிருந்து சாம் தொகுதியால் வெளிச்சவ்வில் பதிக்கப்படுகின்றன.

தவறான முகவரி: ஒரு நோயின் பாடம்

ஏஜிடி என்ற கல்லீரல் நொதி மனிதரில் பெராக்சிசோம் என்ற வேறொரு செல் நுண்ணுறுப்பில் இருந்து, கிளையாக்சிலேட் என்ற பொருளை ஆக்சலேட்டாக மாறவிடாமல் காக்கிறது. அதன் 11-ஆம் இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் வரும் மாற்றம் பல மக்களிடம் சாதாரணமாகவே காணப்படும் ஒன்று. அந்த மாற்றத்தால் புரதத்தின் தலைப்பகுதி மைட்டோகாண்ட்ரியா முன்தொடரைப் போன்ற இருமுகச் சுருளாகச் சுருளக்கூடியதாகிறது. ஆனாலும் பெரிய கேடு நேர்வதில்லை. ஏனெனில் ஏஜிடி வேகமாக மடிந்து இரட்டையாகச் சேர்ந்துவிடுவதால் டாம் வாயிலில் நுழையாது.

அதோடு 170-ஆம் இடத்தில் கிளைசினுக்குப் பதில் ஆர்ஜினினும் வந்தால் கதை மாறுகிறது. இரட்டையாகச் சேரும் வேகம் குறைகிறது. மடியாமல் காத்திருக்கும் நேரத்தில் அந்தப் பொய் முன்தொடர் படிக்கப்பட்டு, நொதியின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடுகிறது. அங்கே அது செயல்திறனோடுதான் இருக்கிறது. ஆனால் வேலை இருப்பது பெராக்சிசோமில். விளைவு, ஆக்சலேட் பெருகிச் சிறுநீரகக் கற்கள், நாளடைவில் சிறுநீரகச் செயலிழப்பு. பெராக்சிசோம் மடிந்த புரதங்களையும் ஏற்றுக்கொள்ளும், மைட்டோகாண்ட்ரியா ஏற்காது என்ற வேறுபாடு தெரிந்தால்தான் இந்த நோய் புரியும். பூனை போன்ற ஊனுண்ணிகளில் இதே நொதி இயல்பாகவே மைட்டோகாண்ட்ரியாவில்தான் அதிகம் இருக்கிறது, முயலில் பெராக்சிசோமில் இருக்கிறது என்பது சுவையான உபரிச் செய்தி.

நுழைவு நின்றால் செல் எப்படி அறிகிறது

பிங்க்1 என்ற நொதிக்கும் முன்தொடர் உண்டு. ஆரோக்கியமான மைட்டோகாண்ட்ரியாவில் அது டிம்23 வரை நுழைந்து, உட்சவ்வில் பார்ல் என்ற நொதியால் வெட்டப்பட்டு, சிதைக்கப்பட்டுவிடும். ஆகவே அதன் அளவு எப்போதும் குறைவு. மின்னழுத்தம் சரிந்த மைட்டோகாண்ட்ரியாவில் உள்நுழைய முடியாமல் டாம் வாயிலிலேயே பிங்க்1 குவிகிறது. குவிந்தது யூபிக்விட்டின் என்ற சிறு குறிப்புப் புரதத்துக்குப் பாஸ்பேட் சேர்த்து, பார்க்கின் என்ற இன்னொரு நொதியை அழைக்கிறது; அந்த மைட்டோகாண்ட்ரியா அழிப்புக்குக் குறிக்கப்படுகிறது. இவ்விரு மரபணுக்களில் எதில் பழுது நேர்ந்தாலும் இளம் வயதிலேயே பார்க்கின்சன் நோய் வரக்கூடும்.

பரிசோதனைக் கூடத்தில் சரிபார்த்தல்

கடைசியாக, ஒரு புரதம் உள்ளே போகிறதா என்று சோதிக்கும் முறை. ரெட்டிக்குலோசைட் எனும் முதிராச் சிவப்பணுக்களின் சாற்றில், கதிரியக்கக் கந்தகம்-35 ஏற்றிய மெத்தியோனினோடு ஓடிசி முன்னோடியைத் தயாரிக்க வேண்டும். எலிக் கல்லீரலிலிருந்தோ ஈஸ்ட்டிலிருந்தோ மைட்டோகாண்ட்ரியாவை மையவிலக்கு முறையில் பிரித்து, சுக்ரோஸும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த தாங்கல் கரைசலில், ஏடிபியும் சுவாசத்துக்கான எரிபொருளும் சேர்த்து, முன்னோடியோடு கலக்க வேண்டும். ஈஸ்ட் என்றால் 25 பாகை செல்சியஸில் வைப்பது வழக்கம். ஈஸ்ட்டைச் சர்க்கரையில் வளர்க்காமல் லாக்டேட்டிலோ கிளிசராலிலோ வளர்த்தால் நல்ல மைட்டோகாண்ட்ரியா நிறையக் கிடைக்கும்.

ஒரே கலவையைப் பல குழாய்களில் பிரித்துக்கொள்வது இன்றியமையாதது. ஒன்றில் எதுவும் சேர்க்காதீர்கள். ஒன்றில் வாலினோமைசின் சேர்த்து மின்னழுத்தத்தைக் கலையுங்கள். இவை இரண்டின் நகல் குழாய்களிலும் புரோட்டினேஸ் கே சேர்த்து, வெளியே ஒட்டிக்கொண்டிருப்பதைச் செரித்துவிடுங்கள். பிறகு அந்த நொதியை பிஎம்எஸ்எஃப் கொண்டு நிறுத்துங்கள். இன்னொன்றில் சோப்புப் பொருள் சேர்த்துச் சவ்வுகளைக் கரைத்து அதே நொதியைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஜெல்லில் ஓட்டி, கதிரியக்கப் படம் எடுங்கள். போட்ட முன்னோடியில் பத்தில் ஒரு பங்கை ஒப்பீட்டுக்கு ஓர் ஓரத் தடத்தில் ஓட்டுவது நல்லது.

படத்தை இப்படிப் படிக்க வேண்டும். 36 கிலோடால்டன் பட்டை தோன்றி, புரோட்டினேஸுக்குப் பிறகும் நிலைத்து, வாலினோமைசின் குழாயில் இல்லாமல் போனால் நுழைவு உண்மையானது. 40 கிலோடால்டன் பட்டை மட்டும் தெரிந்து, புரோட்டினேஸால் மறைந்தால், புரதம் வெளியே ஒட்டியிருந்ததே ஒழிய உள்ளே போகவில்லை. 36 பட்டை தோன்றியும் புரோட்டினேஸில் மறைந்தால் மைட்டோகாண்ட்ரியா உடைந்திருக்கிறது. கசிந்த எம்பிபி வெளியிலேயே வெட்டிவிட்டது. சோப்புக் குழாயிலும் பட்டை மறையவில்லை என்றால், அந்தப் புரதம் இயல்பாகவே புரோட்டினேஸை எதிர்க்கிறது என்று பொருள். அப்போது மற்றத் தடங்களிலிருந்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. இரண்டு முன்தொடர்களின் திறனை ஒப்பிடுவதாயின், 2, 5, 10, 20 நிமிடங்களில் மாதிரிகளை எடுத்துப் பனிக்கட்டியில் வாலினோமைசினோடு நிறுத்தி, பட்டையின் அடர்த்தி நேர்கோட்டில் ஏறும் பகுதியை மட்டும் கணக்கில் கொள்ள வேண்டும்; கோடு சமநிலைக்கு வந்த பிறகு எடுத்த அளவுகளில் மந்தமான முன்தொடரும் விரைவான முன்தொடரும் ஒன்றுபோலவே தெரியும்.